ஐம்பது கிராம்

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே
நின்றுபோன மின்தூக்கியில்
நாற்பது நிமிடம் இருந்தவர்
வெளியே வந்ததும் அழவில்லை, திட்டவில்லை.
கையிலிருந்த தகரப் பெட்டியைக்
காதருகே குலுக்கிப் பார்த்து
'நொறுங்கலை' என்றார்.

மோஸ்க் ஸ்திரீட்டுக்குப் பின்னால் பழைய கட்டடம்.
கால்பிடிக்கும் நிலையத்துக்கும்
கைப்பேசி பழுதுபார்ப்பவருக்கும் இடையில்
ஒருவர் பக்கவாட்டில் நுழையும்படி ஒரு கடை.
பெயர் பெக் ஹூன்.
என் வயதுதான் இருக்கும்.
ஆனாலும், 'அங்கிள், அஞ்சு நிமிஷம் உட்காருங்க.'

நான் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறவன் இல்லை.
இருபத்திரண்டு வருடமாக என் தேநீர்
பிளாஸ்டிக் பையில் தொங்கும்.
'தே சி கோசோங், கட்டு' என்றால் போதும்.
அதன் கயிற்றைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு
மோட்டார் அறையில் வேலை பார்ப்பேன்.
ஆறியபின் ஒரே உறிஞ்சு.

அவர் பெட்டியைத் திறந்தார்.
மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக,
கரும்பச்சையாக,
முஷ்டி மடக்கின மாதிரி சின்னச் சின்ன உருண்டைகள்.
முதலில் ஊற்றிய வெந்நீரை
அரிசி களைந்த நீர்போல் கொட்டிவிட்டார்.
இரண்டாவது ஊற்றில்
ஒன்று அசைந்தது.
ஒன்று புரண்டு படுத்தது.
மூடியை எடுத்தபோது கிண்ணம் நிறைய
இலை,
நரம்போடு, ரம்பப் பல் விளிம்போடு, காம்போடு.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.
தேயிலை தேயிலை என்று
ஆயுள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன்,
பார்த்ததெல்லாம் தூள்.
'ஹொக்கியனில் இதற்கு என்ன?'
'தே.'
'அப்படியானால் முன்பாதி உங்களது,
பின்பாதி எங்களது' என்றேன்.
அவருக்கு விளங்கியிருக்காது.
சிரித்து இன்னொன்று ஊற்றினார்.

பாலில்லை, சீனியில்லை.
முதல் வாயில் ஒன்றுமே இல்லை.
ஏமாந்தோம் என்று விழுங்கியபின்
தொண்டையில் எங்கோ,
பொத்தானை அழுத்தி மறந்தபிறகு வரும் மின்தூக்கிபோல்
தாமதமாக வந்து நின்றது
ஓர் இனிப்பு.

ஐம்பது கிராம் இருபத்தாறு வெள்ளி.
'உங்களுக்கு இருபது.'
பரிசு வாங்குவது கம்பெனி விதிக்கு ஆகாதென்று
அந்த ஆறையும் எடுத்து வைத்தேன்.
படியிறங்கும்போது
அந்த ஆறைப் பற்றியேதான் நினைத்தேன்.

ஈசூனில் சாருமதி
பொட்டலத்தைக் கையில் தூக்கி எடைபார்த்தாள்.
'இருபத்தாறா? தூளா வாங்கினா வருஷம் ஓடும்.'
பிறகு மோந்தாள்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
'மழை விட்டதும் புளோக்குக்குக் கீழ
மெஷின்ல புல்லு வெட்டுவாங்களே,
அந்த வாசம்.'

தேநீர்ச் சாடி இல்லை வீட்டில்.
மகனின் மைலோ குவளை,
மூடிக்குச் சட்னிக் கிண்ணம்.
மூன்றாவது ஊற்று தேவலை என்றாள்.
நான்காவதில்
என்னைப் பார்த்துக்கொண்டே
ஒரு கரண்டி டின்பால் விட்டாள்.
பெக் ஹூன் பார்த்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.
நன்றாகத்தான் இருந்தது.

பதினொன்றுக்குத் தொலைபேசி.
தோ பாயோவில் ஒரு மின்தூக்கி,
உள்ளே உணவு கொண்டுவந்த பையன்.
அவனை எடுத்து, கயிறு பார்த்து, கையெழுத்திட்டுத்
திரும்பும்போது மணி மூன்று.
மேசையில் அதே குவளை.
ஐந்தாவதோ ஆறாவதோ,
எனக்காக ஊற்றி மூடி வைத்துத் தூங்கிவிட்டாள்.
ஆறிப்போய், ஏறக்குறையத் தண்ணீராகி.
அதையும் குடித்தேன்.

அடியில் கிடந்ததில் ஒன்றை
விளக்குக்குக் கீழே விரித்துப் பார்த்தேன்.
மூன்று இலை, ஒரே காம்பு.
காம்பின் முனையில்
யாரோ கிள்ளிய இடம்,
நகத்தின் பிறை
இன்னும் அப்படியே.